மழை நோட்டு

அப்பாவின் மழை நோட்டுகளில், இருபது வருடக் கணக்கில், பதினேழு நாட்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. 2016 நவம்பர் 20 முதல் டிசம்பர் 6 வரை. மற்ற எல்லா நாளுக்கும் எதிரே ஏதாவது ஒன்று இருக்கும். மழை இல்லாத நாளுக்கு 0.0. தூறி, அளக்க முடியாமல் போன நாளுக்கு 'தூ'. ஊருக்குப் போயிருந்து அளக்காமல் விட்ட நாளுக்கு ஒரு சின்னக் கோடு.

"மழை பெய்யலேன்னா சைபர் போடணும் பாப்பா. நாம அளக்கலேன்னா கோடு போடணும். ரெண்டையும் கலந்துட்டா நோட்டே பொய்யாயிடும்" என்பார்.

பட்டினப்பாக்கத்தில் ஃபோர்ஷோர் எஸ்டேட் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், அதற்கப்பால் கலங்கரை விளக்கம். தெற்கே சீனிவாசபுரத்து வீடுகள், அடையாறு கடலில் சேரும் முகம், 1977ல் உடைந்து அப்படியே நின்றுவிட்ட பாலம். கிழக்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை. மாடியின் நடுவில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத இடமாகப் பார்த்து, நான்கு செங்கல்லுக்கு இடையில் அப்பாவின் மழைமானி இருந்தது. நேர்ச்சுவருள்ள ஒரு கண்ணாடி ஜாடி, உள்விட்டம் 8 சென்டிமீட்டர். அதன் மேல் மயிலாப்பூரில் தகர வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்த புனல், வாய் 16 சென்டிமீட்டர். விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. ஜாடியில் 4 மில்லிமீட்டர் ஏறினால் பெய்தது 1 மில்லிமீட்டர். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கணக்கை வட்டம் போட்டு விளக்கி எழுதியிருக்கிறார். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவர். அவர் கோடு கிழித்தால் அச்சடித்தது போல இருக்கும்.

1996 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டு வாரத்துக்குள், ஜூன் நடுவில், சென்னையில் அப்படி ஒரு மழை. கத்திரி முடிந்து வெயில் கொளுத்த வேண்டிய மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. பேப்பரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "அது நுங்கம்பாக்கத்துக் கணக்கு. நம்ம தலைமேல எவ்வளவு பேஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அடுத்த வாரமே புனலுக்குச் சொல்லிவிட்டார். 1792லிருந்து நுங்கம்பாக்கத்தில் வானத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. வானிலை மையத்தைப் போலவே அவரும் காலை எட்டரைக்குத்தான் அளப்பார். எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை ஒரு நாள். இந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் பொழுது எட்டரைக்குத்தான் விடிந்தது.

இரவு ஒன்பது மணிக்குச் சித்தப்பாவின் போன் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம், சொந்த ஊரிலேயே இருந்து பயிர் செய்கிறவர். "அண்ணே, அங்க பேஞ்சுதா?" என்பார். "இருபத்தி மூணு. உனக்கு?" இதற்கு மேல் அவர்கள் நலம் விசாரித்துக்கொண்டதை நான் அதிகம் கேட்டதில்லை. மழைதான் விசாரிப்பு.

எனக்குப் பறவைப் பைத்தியம். ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து உள்ளான்கள் வந்து அடையாற்று முகத்தில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நான் பைனாகுலரோடும் அப்பா ஒரு கைத்தடியோடும் சீனிவாசபுரம் வழியாக முகத்துவாரத்துக்கு நடப்போம். நான் பவளக்காலிகளையும் ஆலாக்களையும் எண்ணுவேன். அவர் மணல்திட்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஆற்றின் வாய் எத்தனை தப்படி திறந்திருக்கிறது என்று பார்ப்பார். மழை நல்ல வருடத்தில் ஆறு மணலை அடித்துக்கொண்டு போய் வாயைத் திறந்துவிடும். இல்லையென்றால் கடல் மணலைத் தள்ளித் தள்ளி மூடிவிடும். அதற்கும் நோட்டில் ஒரு பத்தி உண்டு: 'முகம் திறப்பு', 'முகம் மூடல்'. திரும்பும்போது சாலையோரம் கடை போட்டிருக்கும் மீன்கார அக்காவிடம் நின்று, சங்கராவோ நெத்திலியோ வாங்கிக்கொண்டு வருவோம். "இருக்கிற ரெண்டு பேரும் ஆளுக்கொரு பைத்தியம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே மீனைக் கழுவுவாள்.

2015ஐப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. அப்பாவின் ஜாடி ஏழரை சென்டிமீட்டர் மழைக்கு நிறைந்துவிடும். டிசம்பர் 1ஆம் தேதி இரவு முழுக்க, இரண்டு மணிக்கொரு தரம், குடையும் டார்ச்சுமாக மாடிக்குப் போய் அளந்து கொட்டிவிட்டு வந்தார். எழுபத்தேழு வயது. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஆற்றோரத்து வீடுகளில் தண்ணீர். மீன்கார அக்கா வீட்டுக்காரரோடும் பேரப்பிள்ளைகளோடும் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் இரண்டு ராத்திரி இருந்தார். 2004 டிசம்பர் சுனாமியில் வலையும் கட்டுமரமும் போன குடும்பம் அது. அந்த இரண்டு ராத்திரியில்தான், ஐயா எதற்காக மாடி ஏறி இறங்குகிறார் என்று அவர் தெரிந்துகொண்டார்.

அடுத்த வருடம் எல்லோரும் வெள்ளத்துக்குப் பயந்து தயாராக இருந்தோம். மழைதான் வரவில்லை.

தொலைக்காட்சியில் வழக்கமாக வானிலை சொல்ல வரும் ரமணன் அந்த ஐப்பசியில் இல்லை. மார்ச் மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். "என்னை மாதிரி அவரும் வீட்ல ஒரு ஜாடி வச்சிருப்பார்" என்றார் அப்பா. தீபாவளி அக்டோபர் 29, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்தது 30. அறிவிப்பு வந்ததே தவிர மேகம் வரவில்லை. நோட்டில் சைபருக்குக் கீழே சைபர். தினமும் பேப்பரைப் பிரித்ததும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான் முதலில் படிப்பார். காவிரியிலும் தண்ணீர் இல்லாத வருடம் அது. நேரடி விதைப்பு செய்த சித்தப்பாவின் வயலில் பயிர் முளைத்து, முளைத்த உயரத்திலேயே நின்றது. ஒன்பது மணி போனில் இரண்டு பேரும் "இல்லண்ணே", "இங்கயும் இல்லடா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். வைக்கவும் மாட்டார்கள்.

நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுநாள் வங்கிகள் மூடல். அதன் பிறகு நானும் தெருவோடு சேர்ந்து வரிசையில் நின்றேன். அப்பாவுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். பழைய நோட்டை வாங்க மாட்டோம் என்றார்கள். தம்பி யாரிடமோ அட்டை வாங்கி வந்து தேய்த்தான். இதய வால்வில் பிரச்சினை, படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் எட்டரைக்குப் பார்த்தால் மாடியில் இருக்கிறார். "சைபர்தான்னு எனக்குத் தெரியும். ஆனா பார்த்துட்டுத்தானே எழுதணும்."

நவம்பர் 14 பௌர்ணமி. 1948க்குப் பிறகு நிலா இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை என்று செய்தி. அன்றும் மாடிக்கு வந்தார், நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள. கடலுக்கு மேலே எழுந்த நிலா, சொன்ன அளவுக்குப் பெரியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீரில் அது போட்ட பாதை கரை வரை வந்தது. "1948ல உங்களுக்கு எத்தனை வயசுப்பா?" என்று கேட்டேன். "ஒம்பது. அந்தத் தை மாசம்தான் காந்தி போனார். தெருவுல எல்லாரும் அழுதாங்க. நிலா ஞாபகம் இல்ல." சொல்லிவிட்டு மழைமானிப் புனலில் கிடந்த ஒரு வேப்பிலைச் சருகை எடுத்து வெளியே போட்டார்.

19ஆம் தேதி எழுதியது: '0.0. வாடை. முகம் மூடல்.' 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விட்டார். தூக்கத்திலேயே.

சாவு வீட்டில் பணம் எப்படிப் புரளும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் யார் கையிலும் பணம் இல்லை. பூக்காரர், பந்தல்காரர், சமையல்காரர், தெருமுனை மளிகைக் கடைக்காரர் என்று எல்லோரும் "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்ற ஒரே வார்த்தையில் பதினாறு நாளையும் நடத்திக் கொடுத்தார்கள். ஒருவர்கூட முன்பணம் கேட்கவில்லை. அந்தக் கடன்களை ஜனவரியில்தான் தீர்த்தேன். மனதில் அது தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அஸ்தியை எங்கள் கடற்கரையிலேயே கரைத்தோம்.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. 22ஆம் தேதி பாலமுரளிகிருஷ்ணா மறைந்த செய்தி பக்கத்து வீட்டு ரேடியோ வழியாகச் சுவரைத் தாண்டி வந்தது. கார்த்திகை தொடங்கிவிட்டது என்பதுகூடத் தெருவில் கறுப்பு வேட்டி கட்டியவர்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் டிசம்பர் 5, திங்கட்கிழமை. முந்தின இரவே முதலமைச்சருக்கு மாரடைப்பு என்று செய்தி வந்துவிட்டது. செப்டம்பர் 22லிருந்து மருத்துவமனையில் இருந்தவர். காலையில் காரியம் நடக்கும்போதே வந்தவர்களின் கண் போனில் இருந்தது. பந்தி முடிவதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரை சுமாருக்கு ஒரு வதந்தி பரவி, சாந்தோம் நெடுஞ்சாலையில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிய சத்தம் வீடு வரை கேட்டது. நூறு பேருக்குச் சமைத்தது, நாற்பது பேர்தான் சாப்பிட்டிருந்தார்கள். மீதியை அண்டாவோடு சீனிவாசபுரத்துக்குக் கொடுத்தனுப்பினோம். நள்ளிரவுக்குப் பிறகு அவர் மறைவை அறிவித்தார்கள். சித்தப்பாவின் ஊருக்குப் பேருந்து இல்லை.

மறுநாள் ராஜாஜி அரங்கத்திலிருந்து மெரினாவுக்கு ஊர்வலம் போனது. அந்தக் கூட்டமெல்லாம் வடக்கே. எங்கள் பக்கத்துச் சாலையில் ஒரு ஆட்டோகூட இல்லை, பகலிலேயே அலைச்சத்தம் வீட்டுக்குள் கேட்டது. சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து இருபது நோட்டுகளையும் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "நான் போன்ல சொன்னதையும் எழுதி வச்சிருக்காரு" என்றார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், பென்சிலில், 'தம்பி' என்று போட்டு ஓர் எண். சித்தப்பா ஒரு நாளும் எதையும் அளந்து சொன்னவரில்லை. "நல்ல மழைண்ணே, வரப்பு முட்டிடுச்சு" என்பார். அதைக் கேட்டு அப்பாவே ஓர் எண் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறார். 2016 நவம்பரில், எழுதிய நாள் வரை, கேள்விக்குறி இல்லாத சைபர்கள்.

7ஆம் தேதி விடிகாலையில் சோ ராமசாமி மறைந்தார். அவர் வீடு இருந்த எம்.ஆர்.சி. நகர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1970ல் துக்ளக் தொடங்கியதிலிருந்து படித்தவர் அப்பா. ஒத்துப்போகாத இடங்களில் ஓரத்தில் கோடு போட்டு வைப்பார். அன்று காலை அம்மா பேப்பரைக் கையில் வாங்கி, பிரிக்காமலே வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டரை ஆச்சு. மேல யாரும் போகலையா?"

நான் போனேன். ஜாடியில் அரை விரல் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. கொசு முட்டையிட்டுப் புழு நெளிந்தது. எந்த நாளின் தண்ணீர் அது என்று சொல்ல வழியில்லை. கொட்டிவிட்டுக் கழுவி வைத்தேன். நோட்டில் பதினேழு வரிகள் காலியாக இருந்தன. கோடு போடப் பேனாவை எடுத்தேன். ஜாடியில்தான் தண்ணீர் இருந்ததே. பெய்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கோடு போட மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 11ஆம் தேதி, அப்பா போன பிறகு முதல்முறையாக முகத்துவாரத்துக்கு நடந்தேன். வாய் மூடித்தான் இருந்தது. தேங்கிய நீரில் நெடுங்கால் உள்ளான்கள் நின்றிருந்தன, ஐம்பதுக்கு மேல் எண்ணினேன். கடல் ஒரு மாதிரி இருந்தது. வங்கக் கடலில் புயல், மறுநாள் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மீன்கார அக்கா அன்று கடை போடவில்லை, படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார். நடுவில் மழை பெய்ததா, என்றைக்கு என்று கேட்டேன்.

"நாடா புயல்னாங்களே, அதுக்கு முன்னாடி நாளு. வியாழக்கெழம. ஊட்டுக்காரரு கடலுக்குப் போவல. வெள்ளிக்கெழமயும் கொஞ்சம் பேஞ்சுது. மத்த நாளெல்லாம் கருவாடு காய வச்சோம்மா, ஒரு சொட்டு இல்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா நோட்டுலயா எழுதப் போற? எழுது கண்ணு. கருவாடு பொய் சொல்லாது."

வீட்டுக்கு வந்து டிசம்பர் 1, 2க்கு எதிரே பென்சிலில் எழுதினேன்: 'மழை. அளவு இல்லை.' மற்ற நாட்களுக்கு 0.0, பக்கத்தில் கேள்விக்குறி. சித்தப்பாவின் எண்களுக்கு அப்பா வைத்த அதே கேள்விக்குறி.

12ஆம் தேதி திங்கட்கிழமை திருக்கார்த்திகை. எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை இல்லை, விளக்கு இல்லை. முதல் நாளே அகல்களைப் பழந்துணியில் சுற்றி அம்மா பரண்மேல் வைத்துவிட்டாள். காலை எட்டரைக்கு மாடியில் நிற்கவே கஷ்டமாக இருந்தது. ஜாடியில் இருந்ததை அளந்து குறித்துக்கொண்டு, அப்பா செய்வது போலவே புனலையும் ஜாடியையும் நைலான் கயிற்றால் செங்கல்லோடு சேர்த்துக் கட்டினேன். பத்து மணிக்கு மேல் வர்தா புயல் என்ன என்று தெரிந்தது. வடக்கேயிருந்து அடித்த காற்றில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைவது போல இருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல். மழை கீழே விழவில்லை, குறுக்கே ஓடியது. அப்படிப்பட்ட மழையில் புனல் குறைவாகத்தான் பிடிக்கும் என்று அப்பா சொல்வார். காற்றின் வேகத்தில் துளிகள் வாய்க்கு மேலேயே கடந்து போய்விடும். மாலையில் ஒரு ஓய்வு விழுந்தது. புயலின் கண் நகரத்தின் மேல் இருந்த நேரம் அது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேல போகாத. அவரா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்." பிறகு காற்று தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. காலையிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து தாங்கிய மரங்கள் மறுபக்கம் இழுபட்டு அப்போதுதான் விழுந்தன. தெருமுனைத் தூங்குமூஞ்சி, அதையடுத்த மஞ்சள் கொன்றை இரண்டும் வேரோடு. பக்கத்து வீட்டு வேம்பு கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் போயின.

இரவு மின்சாரம் இல்லை. அன்று பட்டினப்பாக்கத்தில் யாருமே அகல் ஏற்றவில்லை. ஏற்றினாலும் அந்தக் காற்றில் நிற்காது. அம்மா பால்கனிக் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் இருட்டிக் கிடந்த வீடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே வந்து, இருபத்திரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் எட்டரைக்கு மாடிக்குப் போனேன். செங்கற்கள் இருந்தன. கயிறு இருந்தது. ஜாடி பக்கவாட்டில் கிடந்தது, வாய் ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது. புனல் இல்லை. அக்கம்பக்கத்து நான்கு மொட்டை மாடிகளில் தேடினோம், தெருவில் விழுந்து கிடந்த கிளைகளுக்கு இடையிலும் தேடினோம். அந்த வருடம் முழுக்கக் காத்திருந்த மழை, ஒரே நாளில் பெய்த அந்தப் பெருமழை. டிசம்பர் 13க்கு எதிரே நான் போட்டது கோடு. பேனாவால், ஸ்கேல் வைத்து.

போன் கிடைக்க மூன்று நாள் ஆனது. ஒன்பது மணிக்குச் சித்தப்பா. குரல் கேட்டதும் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. பிறகு அவர்தான் கேட்டார், முதன்முதலாக என்னை.

"அங்க எவ்வளவும்மா?"

"கோடு போட்டிருக்கேன் சித்தப்பா. புனல் பறந்துடுச்சு."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "இங்க சைபர். எழுதிக்க. கேள்விக்குறி வேணாம்."

அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மழையில் 62 சதவீதம் குறைந்தது. ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். சித்தப்பா வயலில் மாட்டை விட்டு மேய்த்தார்.

புனல் செய்து கொடுத்தவரைத் தேடி மயிலாப்பூருக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். மாட வீதிப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் புனல் ஒன்று வாங்கினேன். வாய் 12 சென்டிமீட்டர், அதைவிடப் பெரியது அவர்களிடம் இல்லை. முதல் நோட்டை எடுத்து, அப்பாவின் வட்டங்களுக்குக் கீழே இருந்த காலி இடத்தில் என் வட்டங்களைப் போட்டேன். 12ஐ 8ஆல் வகுத்தால் ஒன்றரை. அதன் வர்க்கம் 2.25. இனி ஜாடியில் ஏறுவதை நான்கால் வகுக்கக் கூடாது.

மார்கழி பிறந்த வாரம், விழுந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காலை எட்டரைக்குப் புனலின் உள்பக்கம் பனி பூத்து, ஒரு சொட்டு சேர்ந்து கழுத்து வரை இறங்கி அங்கேயே நின்றது. ஜாடிக்குள் விழவில்லை. கீழே அம்மா, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"சைபர்ம்மா" என்றேன்.